அக்ரோவில் வெளிர் புள்ளிகள்: பூச்சியா, தண்ணீரா?

நீலக்கரை

வணக்கம் நண்பர்களே. என் 300 லிட்டர் ரீஃப் தொட்டியில் (கடல் பவளத் தொட்டி) ஒரு பச்சை அக்ரோபோரா பவளமும் (சுருக்கமாக அக்ரோ) பக்கத்திலேயே ஒரு நீல நுனி அக்ரோபோராவும் கொஞ்ச நாளாக நிறம் மங்கிக்கொண்டே வருகின்றன. விளக்கைக் குறைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. இப்போது கிளைகளின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வட்ட வட்டமாக வெளிர் புள்ளிகள் தெரிகின்றன. பச்சைக் காலனியில் கல்லை ஒட்டிய இடத்தில் சதை விலகி வெள்ளைக் கூடு தெரிய ஆரம்பித்துவிட்டது. பாலிப்கள், அதாவது பவளத்தின் குட்டி உடல்கள், முன்புபோல நீண்டு வருவதில்லை.

தண்ணீர்: உப்பு 35 பிபிடி, வெப்பம் 26 டிகிரி, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8.2 டிகேஎச், கால்சியம் 430, மெக்னீசியம் 1350, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05.

மீன்கள்: க்ளவுன் ஜோடி, ஒரு யெல்லோ டாங், ஒரு பங்காய் கார்டினல். ராஸ் எதுவும் இல்லை.

ஒருவர் உடனே டிப் பண்ண, அதாவது பவளத்தை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் பூச்சி தின்னும் சிக்ஸ்லைன் ராஸ் மீனை விட்டால் போதும் என்கிறார். எதைச் செய்வதற்கு முன்னாலும் இது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். உதவுங்கள்.

சிப்பிமணி

டிப் பண்ண இன்னும் நேரம் இருக்கிறது, பொறுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். புள்ளிகள் வெளிச்சம் படும் மேல்பக்கத்தில் இருக்கின்றனவா, நிழல் பக்கத்தில் மட்டுமா? மான்டிபோரா, யூஃபிலியா மாதிரி மற்ற பவளங்கள் எப்படி இருக்கின்றன? இந்த இரண்டு அக்ரோவுக்கும் அருகில் சமீபத்தில் புதிய ஃப்ராக் (நடுவதற்கு வெட்டிய பவளத் துண்டு) ஏதாவது வைத்தீர்களா?

முடிந்தால் வெள்ளை விளக்கில் படம் எடுத்துப் போடுங்கள். நீல விளக்கில் எடுத்த படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

உவர்நீர்

சிப்பிமணி கேட்டதற்கு என்ன பதில் வருகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீரில் கோளாறு என்றால் அது ஆள் பார்த்துத் தாக்காது. ஆல்கலினிட்டி திடீரென்று ஏறி இறங்கினால் அக்ரோவின் நுனிகள் கருகும், சில சமயம் அடியிலிருந்து சதை உரியும். ஆனால் அதோடு ஸ்டைலோபோரா, மான்டிபோரா, பேர்ட்ஸ்நெஸ்ட் எல்லாவற்றிலுமே ஏதாவது ஒரு சுணக்கம் தெரியும். விளக்கு அதிகமானால் மேல்பக்கம்தான் முதலில் வெளிறும், நிழலில் இருக்கும் அடிப்பக்கம் நிறத்தோடு இருக்கும். பூச்சி இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு இனத்தைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் நிழல் பக்கத்திலிருந்து, திட்டுத் திட்டாகத் தின்னும்.

நீங்கள் கொடுத்த எண்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு நேரத்து அளவு போதாது. காலை ஒன்று, விளக்கு அணையும் முன் ஒன்று என்று சில நாள் ஆல்கலினிட்டியைப் பாருங்கள். ஏற்ற இறக்கம் 0.5 டிகேஎச்சுக்குள் நின்றால் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள்.

நீலக்கரை

அளந்தேன். காலைக்கும் இரவுக்கும் 0.3தான் வித்தியாசம். மான்டிபோரா, ஹேமர், ஜோவா எல்லாம் நன்றாக இருக்கின்றன. அக்ரோ இரண்டு மட்டும்தான் பாதிப்பு. புள்ளிகள் எல்லாமே நிழல் பக்கம். பச்சைக் காலனிக்குக் கீழே ஒரு புதிய அக்ரோ ஃப்ராக் வைத்திருக்கிறேன், பிளக்கோடு (அது ஒட்டி வந்த சிறு அடித்தட்டு) அப்படியே ஒட்டினேன். வெள்ளை விளக்கில் எடுத்த படமும் போட்டிருக்கிறேன்.

பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பீய்ச்சுக் குழாய்) கிளைகளுக்கு நடுவே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பார்த்தேன். சதைத் துணுக்கு மாதிரி ஒன்று கழன்று பறந்தது. கீழே விழுந்த பிறகு ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தது.

ஆழ்கண்

நகர்ந்தது என்றால் சந்தேகமே வேண்டாம், அக்ரோ தின்னும் தட்டைப்புழு. அறிவியல் பெயர் ப்ரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. 2011இல் அமகுசபிளானா அக்ரோபோரே என்ற பெயரில் முறைப்படி விவரித்தார்கள், பிறகு பேரினத்தை மாற்றினார்கள். பழைய கட்டுரைகளில் பழைய பெயர் இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

இதைக் கண்ணால் பிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தப் புழு நிறமற்றது, கிட்டத்தட்ட கண்ணாடி. ஆனால் தின்ற பவளத்தின் நுண்பாசியும் ஒளிரும் நிறமிகளும் அதன் குடலில் அப்படியே தங்குகின்றன. அதனால் பச்சை அக்ரோவைத் தின்றது பச்சையாகவும் பழுப்பைத் தின்றது பழுப்பாகவும் இருக்கும். நீல விளக்கில் பவளம் ஒளிர்ந்தால் புழுவும் கூடவே ஒளிரும். ஈரக் காகிதம் போலக் கிளையோடு ஒட்டிக் கிடக்கும், நிழலே விழாது. பெரியது ஒரு சென்டிமீட்டரை நெருங்கும், ஆனால் நீங்கள் பார்க்கப்போவதில் பெரும்பாலானவை அதில் பாதிகூட இருக்காது.

ஆகவே புழுவைத் தேடாதீர்கள். முட்டையைத் தேடுங்கள்.

முட்டை எப்போதும் சதை இல்லாத இடத்தில் இருக்கும். காலனியின் அடியில், செத்துப்போன வெள்ளைக் கூட்டின் மேல், உயிருள்ள சதை முடியும் கோட்டுக்கு மிக அருகே. பொன்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரு திட்டாக. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் இருப்பது தெரியும். பொரித்து முடித்த கூடுகள் வெளிறி, மூடி திறந்த மாதிரி இருக்கும். அது தெரிந்தால் குஞ்சுகள் ஏற்கெனவே தொட்டிக்குள் போய்விட்டன என்று அர்த்தம்.

உங்கள் பச்சைக் காலனியின் அடியில் சதை விலகியிருக்கிறது என்றீர்களே, அங்கே பாருங்கள். ஃபோன் கேமராவில் மேக்ரோ இருந்தால் அதுவே போதும். பவர்ஹெட்களை (அலை உண்டாக்கும் பம்புகள்) நிறுத்திவிட்டுப் பாருங்கள், அலையில் எதுவும் தெரியாது. அந்தப் புதிய ஃப்ராக்கின் பிளக்கைத் திருப்பிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

அலைத்துளி

நான் ராஸ் கட்சி. என் தொட்டியில் யெல்லோ கோரிஸும் மெலனூரஸும் நாள் முழுக்க ஒவ்வொரு கிளையாகக் கொத்திக்கொண்டே திரிகின்றன. பல வருடமாக அக்ரோ வளர்க்கிறேன், இந்தத் தொல்லை வந்ததில்லை. பவளத்தைக் கழற்றி மருந்தில் முக்கி வாட்டுவதைவிட இயற்கையான வழி நல்லது என்று நினைக்கிறேன்.

ஆழ்கண்

மேற்கோள்: "இயற்கையான வழி நல்லது"

அலைத்துளி, ராஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஹாலிகோரஸ் வகை ராஸ்கள் கண்ணில் பட்ட புழுவை விடாது. தொல்லை வராமல் தடுப்பதற்கும், வந்தது பெருகாமல் வைத்திருப்பதற்கும் அருமையான மீன்கள். ஆனால் அவை முட்டையைத் தொடுவதில்லை. கிளைகள் நெருக்கமாக உள்ள காலனியின் நடுவில் அவற்றின் மூக்கு நுழையாது. ராஸ் உள்ள தொட்டியில் புழு இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது குறைந்த எண்ணிக்கையில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். ராஸ் செத்த பிறகோ விற்ற பிறகோ திடீரென்று தலைதூக்கும்.

சிக்ஸ்லைனைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பூச்சி பிடிப்பதில் கெட்டிதான், ஆனால் வயதாக ஆக மற்ற சிறு மீன்களை விரட்டும் குணம் பல மீன்களில் வருகிறது. பூச்சிக்காக மட்டும் அதை வாங்கினால் பிறகு அதைப் பிடித்து வெளியே எடுக்கும் பாடு தனி. யெல்லோ கோரிஸ் சாது. அதற்குப் படுக்க மணல் வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைத்துளி

முட்டை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டிப்பை மட்டும் நம்புகிறவர்களுக்கும் அதே முட்டைதானே பிரச்சினை?

ஆழ்கண்

அதேதான். அதனால்தான் டிப் என்பது ஒருநாள் வேலை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறோம். கடையில் விற்கும் எந்தப் பவள டிப்பும் முட்டைக்கூட்டுக்குள் நம்பும்படி நுழைவதில்லை. வளர்ந்த புழு விழும், முட்டை நிற்கும். முட்டை பொரிய வெப்பத்தைப் பொறுத்து சுமார் இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் சில வாரம். இந்த இடைவெளிதான் நம் ஆயுதம். வாரம் ஒரு முறை டிப் பண்ணினால், இப்போது பொரித்த எதுவும் முட்டையிடும் வயதை எட்டாது. ஆறு வாரத்துக்குக் குறையாமல் இதைச் செய்ய வேண்டும். நடுவில் புழு ஒன்றுமே விழாத வாரங்கள் வரும், அங்கேதான் பலரும் நிறுத்துகிறார்கள். நிறுத்தக் கூடாது.

தேன்பாறை

டிப் பண்ணும் முறையை நான் எழுதுகிறேன். பலமுறை செய்து கை பழகிய விஷயம்.

முதலில் மூன்று பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் தொட்டித் தண்ணீரே. ஒன்றில் டிப் மருந்து, இரண்டு வெறும் அலசலுக்கு. தொட்டியும் பாத்திரமும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். வெள்ளை நிறப் பாத்திரம் நல்லது, விழுந்ததைப் பார்க்க முடியும்.

பவளத்தைப் பிளக்கிலிருந்தோ கல்லிலிருந்தோ கழற்றிவிடுங்கள். பிளக்கைக் குப்பையில் போடுங்கள். அதைத் தேய்த்துக் காயவைத்து மறுபடி உபயோகிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம். காலனியின் அடியில் சதை இல்லாத வெள்ளைப் பகுதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் போன் கட்டரால் (பவளக் கிளை வெட்டும் இடுக்கி) வெட்டித் தள்ளுங்கள். முட்டை போட இடமே இல்லாமல் செய்வதுதான் நோக்கம். வெட்ட முடியாத இடத்தில் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, டூத் பிரஷால் தேய்த்து, அதன்மேல் சூப்பர் குளூ ஜெல்லைப் பூசி மூடிவிடுங்கள். மூடிய முட்டை பொரித்தாலும் வெளியே வர முடியாது.

மருந்தின் அளவும் நேரமும் பாட்டிலில் போட்டிருப்பதுதான். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம் வரும். அந்த நேரம் முழுக்கச் சும்மா ஊறவைக்காதீர்கள். பேஸ்டரால் எல்லாப் பக்கமும் விடாமல் பீய்ச்சிக்கொண்டே இருங்கள். மருந்து புழுவை மயக்குகிறது, தள்ளிவிடுவது தண்ணீரின் வேகம்தான். மயங்கிய புழு அப்படியே ஒட்டிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து எழுந்துவிடும்.

பிறகு இரண்டு பாத்திரத்திலும் வரிசையாக அலசுங்கள். கடைசி அலசல் தண்ணீரில் ஏதாவது மிதந்தால் டிப் போதவில்லை என்று பொருள். டிப் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

சிலர் தோட்டத்துக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட் கலந்த பூச்சிக்கொல்லியை டிப்பாகப் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மீன்தொட்டிக்கு என்று செய்ததல்ல. இறால், நண்டு வகைகளுக்குப் பரம விரோதி. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மிச்சத்தைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். பவளத்துக்கென்று விற்கும் டிப் கிடைக்கும்போது இதற்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நண்டுப்பிடி

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் பிளேட் மான்டிபோராவின் ஓரங்கள் வெள்ளையாகிக்கொண்டு உள்ளே வருகின்றன. தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக, முடி முடியாக ஏதோ ஊர்கிறது. சில மில்லிமீட்டர்தான். இதுவும் தட்டைப்புழுவா?

ஆழ்கண்

இல்லை. அது மான்டிபோரா தின்னும் நூடிபிராங்க், ஓடில்லாத கடல்நத்தை. முதுகில் முடி மாதிரி தெரிபவை செரட்டா என்ற நீட்சிகள். மீன்தொட்டிப் பொழுதுபோக்கில் இது வெகுநாளாகத் தெரிந்த தொல்லை. ஆனால் 2020இல்தான் ஃபெஸ்டில்லா சபோடியோசா என்று அதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள்.

இதுவும் முட்டைக் கதைதான். வெள்ளை முட்டைத் தொகுதிகளைத் தட்டின் அடியிலும், செத்த ஓரத்திலும், பக்கத்துக் கல்லிலும்கூட இடும். அக்ரோ புழுவைவிட வேகமாகப் பெருகும், அதனால் டிப் இடைவெளியைக் குறையுங்கள், ஐந்து நாளுக்கு ஒருமுறை நல்லது. பிளேட் மான்டியில் ஒரு வசதி, செத்த ஓரத்தை முழுவதுமாக ஒடித்து எறிந்துவிடலாம். உயிருள்ள சதைக்குள் ஒரு விரல்கடை தள்ளியே ஒடியுங்கள். மனசு கேட்காது, ஆனால் மான்டி வேகமாக வளரும்.

சிப்பிமணி

நண்டுப்பிடி அண்ணா, உங்கள் தொட்டியில் உள்ள எல்லா மான்டியையும் எடுங்கள், பாதிக்கப்பட்டதை மட்டுமல்ல. நன்றாக இருப்பது போலத் தெரிவதில்தான் அது அடுத்து இருக்கும்.

முத்துக்குளியல்

எனக்கும் ஒரு கேள்வி. இதைப் படித்துவிட்டு இரவு சிவப்பு விளக்கில் தொட்டியைப் பார்த்தேன். போசிலோபோரா பவளத்தின் நடுவில் ஒரு நண்டு. கல் இடுக்கில் முட்கள் வைத்த புழுக்கள். கண்ணாடியில் குட்டி வெள்ளை நட்சத்திரங்கள். எல்லாவற்றையும் பிடித்து எறிந்துவிடட்டுமா?

உவர்நீர்

அக்கா, தயவுசெய்து எதையும் எறியாதீர்கள். பார்த்த உடனே கொல்வதால் நல்ல உயிர்கள் எத்தனையோ போகின்றன.

போசிலோபோராவுக்குள் வாழும் வழவழப்பான ஓடுள்ள நண்டு பெரும்பாலும் ட்ரபீசியா. அது பவளத்தின் காவல்காரன். கடலில் முள்மகுட நட்சத்திரமீன் பவளத்தைத் தின்ன வரும்போது அதன் முட்களையும் குழாய்க்கால்களையும் கிள்ளி விரட்டுவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கிளைகளில் படியும் வண்டலையும் அதுவே துடைக்கும். பதிலுக்குப் பவளத்தின் சளியைத் தின்னும், அவ்வளவுதான் கூலி. அக்ரோவில் இதே வேலையைச் செய்வது டெட்ராலியா. உடம்பெல்லாம் முடியும் இடுக்கியின் நுனி கறுப்புமாக உள்ள நண்டு வேறு ரகம். பவளத்தைவிட்டு வெளியே கல்லில் சுற்றும், சதையைக் கிழிக்கும், தூங்கும் மீனையும் பிடிக்கும். அதைத்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு குறுகிய கண்ணாடிக் குடுவையில் இறால் துண்டு போட்டு இரவில் சாய்த்து வையுங்கள், ஏறி உள்ளே விழுந்தால் வழுக்கி வெளியே வர முடியாது.

முட்புழுக்கள் துப்புரவுத் தொழிலாளிகள். செத்த பவளத்தின்மேல் அவை மொய்ப்பதைப் பார்த்துவிட்டு அவைதான் கொன்றன என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. செத்ததைத் தின்ன வந்தவை அவை. பவளத்தையே தின்னும் ஹெர்மோடைஸ் என்ற நெருப்புப்புழு ஒன்று உண்டு. தடிமனாக, தலையில் சதை மடிப்போடு இருக்கும், தொட்டிகளில் அபூர்வம். எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள், முள் குத்தினால் எரியும்.

நட்சத்திரங்கள் அஸ்டெரினா. பெரும்பாலானவை கண்ணாடிப் படலத்தை மேய்கின்றன. ஜோவாவின்மேல் ஒன்று நாள்கணக்கில் உட்கார்ந்து, அது எழுந்த இடத்தில் பாலிப் அழிந்திருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

தேன்பாறை

ஜோவா என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜோவாந்தஸைத் தின்பவை இரண்டு. ஒன்று நூடிபிராங்க், தின்ற ஜோவாவின் நிறத்தையே போர்த்திக்கொண்டு மூடிய பாலிப் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஜோவா மூடிக்கொண்டு பல நாள் திறக்கவில்லை என்றால் காம்புகளுக்கு நடுவே சுருள் நாடா மாதிரி முட்டை இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று சன்டயல் நத்தை, ஹீலியாகஸ். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அழகான ஓடு, பகலில் பாலிப்களுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அழகுக்காக யாரும் விட்டுவைக்காதீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது உங்கள் பாதுகாப்பு. ஜோவா, பாலிதோவா இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். பாலிதோவாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது 1971இல். எந்தப் பாலிப்பில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. பூச்சிக்காகத் தேய்க்கும்போதும் வெட்டும்போதும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பிரஷால் தேய்ப்பதைத் தண்ணீருக்கு அடியிலேயே செய்யுங்கள், சாறு கண்ணில் தெறிக்கக் கூடாது. பூச்சி பிடித்த கல்லைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் உள்ள எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

அலைத்துளி

இது பயனுள்ள எச்சரிக்கை. நன்றி தேன்பாறை.

நீலக்கரை, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல நுனி அக்ரோவில் மஞ்சள் துகள்கள் மாதிரி தெரிகிறதே? ரெட் பக் இல்லையே?

ஆழ்கண்

கூர்மையான கண். இருக்கலாம், பார்க்க வேண்டியதுதான். ரெட் பக் என்பது டெகாஸ்டஸ் அக்ரோபோரானஸ், அரை மில்லிமீட்டர் கோப்பிபாட் (மிகச் சிறிய ஓட்டுடலி). மஞ்சள் உடம்பு, ஒரு சிவப்புப் புள்ளி. வழவழப்பான தோலுள்ள அக்ரோவில்தான் அதிகம். கடித்த தழும்பு இருக்காது, பாலிப் சுருங்கும், நிறம் மங்கும். பேஸ்டரால் பீய்ச்சினாலும் எளிதில் போகாது.

நூறு ரெட் பக்கோடு வாழும் அக்ரோவைப் பார்த்திருக்கிறேன். பத்துத் தட்டைப்புழுவோடு தேறியதைப் பார்த்ததில்லை. அதனால் முதலில் புழு.

ரெட் பக்குக்கு முழுத் தொட்டிக்கும் மில்பெமைசின் போடுகிறார்கள், நாய்களுக்குக் கொடுக்கும் மருந்து. ரெட் பக் போகும், கூடவே தொட்டியிலுள்ள இறால், நண்டு, கோப்பிபாட் எல்லாம் போகும். உவர்நீர் சொன்ன ட்ரபீசியாவும் சேர்த்து. கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் அந்த மருந்தைத் தொடாதீர்கள். நீங்கள் எப்படியும் அக்ரோவைக் கழற்றித் தனித்தொட்டியில் வைக்கப்போகிறீர்கள், அங்கேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நீலக்கரை

முட்டை கிடைத்துவிட்டது. ஆழ்கண் சொன்ன அதே இடம், சதை முடியும் கோட்டுக்குச் சற்றுக் கீழே பழுப்புத் திட்டு. புதிய ஃப்ராக்கின் பிளக்கைத் திருப்பினால் அங்கே அதைவிடப் பெரிய திட்டு, பாதிக் கூடுகள் திறந்திருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். நீல நுனியில் ரெட் பக் இல்லை, மஞ்சளாகத் தெரிந்தவை பாலிப் நுனிகள்தான்.

வெறும் தனித்தொட்டி ஒன்று தயார் செய்துவிட்டேன். ஹீட்டர், ஒரு சின்ன பவர்ஹெட், விளக்கு. கல் இல்லை, மணல் இல்லை. நீல நுனியும் புதிய ஃப்ராக்கும் அங்கே போய்விட்டன, முதல் டிப்பில் ஏராளமான புழுக்கள் விழுந்தன.

சிக்கல் பச்சைக் காலனி. அது பெரிய கல்லின்மேல் படர்ந்துவிட்டது, கல்லை வெளியே எடுத்தால் பாதித் தொட்டி கலைந்துவிடும். கிளைகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு அடியை அப்படியே விட்டுவிடலாமா? அக்ரோ இல்லாத தொட்டியில் புழு பட்டினியில் செத்துவிடும் என்று படித்தேன்.

ஆழ்கண்

நீங்கள் படித்தது சரி. அக்ரோபோராவைத் தவிர இந்தப் புழுவுக்கு வேறு உணவு இல்லை. ஆனால் கல்லில் படர்ந்த அடியில் உயிருள்ள சதை இருக்கிறதே, அதுவும் அக்ரோபோராதான். கிளை எதுவும் இல்லாமல் கல்லோடு கல்லாக ஒட்டிய மெல்லிய பச்சைப் படலம் போதும், மிச்சமிருக்கும் புழுக்கள் அதை மேய்ந்து அங்கேயே முட்டையிட்டுக் காத்திருக்கும். தனித்தொட்டியில் நீங்கள் வாரக்கணக்கில் படும் பாடெல்லாம், பவளங்களைத் திரும்ப வைக்கும் நாளில் வீணாகிவிடும்.

கிளைகளை வெட்டி எடுங்கள், அது சரி. பிறகு தண்ணீர் மட்டத்தைக் கல் வெளியே தெரியும் வரை இறக்குங்கள். மாற்றுத் தண்ணீருக்கு எடுக்கும் அளவிலேயே அது தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். உளியால் படலத்தைக் கூடோடு பெயர்த்துவிடுங்கள், துகள்களை உடனே குழாயால் உறிஞ்சி எடுங்கள், அவை மணலில் விழுந்து முளைக்கும். பெயர்க்க முடியாத இடத்தில் எப்பாக்ஸி களிமண்ணைத் தட்டையாக அழுத்தி மூடுங்கள். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தாண்டியே மூடுங்கள், சதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து பரவியிருக்கும்.

உவர்நீர்

எப்பாக்ஸி நிறைய உபயோகித்தால் ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) சில மணி நேரம் பொங்கும். கப்பைக் கழற்றி வையுங்கள் அல்லது நிறுத்திவிடுங்கள். கார்பனும் போட்டுவிடுங்கள்.

சிப்பிமணி

தனித்தொட்டியில் ஆல்கலினிட்டியைத் தினமும் பாருங்கள். சின்னத் தண்ணீர், பவளம் உறிஞ்ச உறிஞ்ச இறங்கும். டிப்பும் வெட்டும் வாங்கிய அக்ரோவுக்கு ஆல்கலினிட்டி ஆட்டமும் சேர்ந்தால் தாங்காது, பிறகு புழு கொன்றதா நாம் கொன்றோமா என்றே தெரியாது. விளக்கையும் பாதியில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள்.

நீலக்கரை

அடியைப் பெயர்த்துவிட்டேன், இரண்டு இடத்தில் எப்பாக்ஸி. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஆறு வாரம் என்பதைக் கிளைகளை எடுத்த நாளிலிருந்து எண்ணுவதா, இன்றிலிருந்தா?

ஆழ்கண்

பெரிய தொட்டிக்கு இன்றிலிருந்து. கடைசிச் சதை மூடிய நாள்தான் பட்டினி தொடங்கும் நாள். ஆறு என்பது குறைந்தபட்சம், எட்டு வாரம் விடுங்கள். இடையில் எப்பாக்ஸி ஓரத்தில் பச்சையாக எங்காவது எட்டிப் பார்த்தால் அதை மூடிவிட்டு எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பவர்ஹெட்டை நிறுத்தி, வெள்ளை விளக்கில், வாரம் ஒருமுறையாவது அந்தக் கல்லைச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் குச்சியில் ஒட்டிப் பிடித்தால் தெரியும்.

தனித்தொட்டிக்குக் கணக்கு வேறு. அங்கே கடைசியாகப் புழு விழுந்த டிப்பிலிருந்து எண்ணுங்கள்.